டேக் பிட்டுக்குப் பிளாக் அளவு வேண்டாம்

செயலி அடிக்கடி கேட்கும் தரவை வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகம்தான் கேஷ். அதில் தரவு பிளாக் பிளாக்காக இருக்கும். ஒரு பிளாக் எந்த முகவரியைச் சேர்ந்தது என்று அடையாளம் காட்டும், முகவரியின் மேல் பிட்டுகள்தான் டேக். கேஷ் கணக்கில் டேக் எத்தனை பிட் என்று கேட்டால், பிளாக் அளவைத் தொடாதீர்கள். கேஷின் மொத்த அளவை ‘வே’ எண்ணிக்கையால் (ஒரு செட்டில், அதாவது ஒரு பிளாக் போய் அமரக்கூடிய இடங்களின் தொகுப்பில், எத்தனை இடங்கள் என்பது) வகுத்து, வருவது 2-இன் எத்தனையாவது அடுக்கு என்று பார்த்து, அதை முகவரி பிட்டுகளிலிருந்து கழித்துவிடுங்கள். 32 பிட் முகவரி, 16 கேபி, 4-வே கேஷ் என்றால் ஒரு வே 4 கேபி, அதாவது 12-ஆம் அடுக்கு. டேக் 20. பெங்களூரில், அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குவதற்குள் இப்படி நாலைந்து கணக்குகளைத் தாளே இல்லாமல் போட்டுவிடலாம்.

கேஷ் அளவும் வே எண்ணிக்கையும் மாறாமல் பிளாக்கை இரட்டிப்பாக்கினால் ஆஃப்செட் (பிளாக்குக்குள் எந்த இடம் என்று சொல்லும் பிட்டுகள்) ஒரு பிட் கூடும். செட்டுகள் பாதியாவதால் இண்டெக்ஸ் (எந்த செட் என்று சொல்லும் பிட்டுகள்) ஒரு பிட் குறையும். இரண்டின் கூட்டுத்தொகை அசையாது. 48 கேபி, 12-வே கேஷைக் கண்டும் மிரள வேண்டாம். அங்கேயும் ஒரு வே 4 கேபிதான்.

எந்தப் பிளாக்கும் எந்த இடத்திலும் அமரக்கூடிய முழு அசோசியேட்டிவ் கேஷுக்கு இது உதவாது. இண்டெக்ஸே இல்லாததால் அங்கே பிளாக் அளவு கட்டாயம் வேண்டும். முகவரி பைட்டுக்கு அல்லாமல் வேர்டுக்கு (பொதுவாகப் பல பைட்டுகள் சேர்ந்த அலகு) தரப்பட்டிருந்தால், கேஷ் அளவை முதலில் வேர்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வில் மதிப்பெண் பறிபோகக்கூடிய இடம் இது.