காரின் பெயின்ட்டுக்குத் தீங்கு செய்யாத சுத்திகரிப்புப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

கார் கழுவும் திரவம் ஒன்றைக் கடையில் கையில் எடுத்தவுடன், அது எவ்வளவு அழுக்கைப் போக்கும் என்று பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். பெயின்ட் கெடாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அதற்கு முன்பே, இது எதைக் கரைக்கும், எதை உராயும் என்று கேட்க வேண்டும். ஏனெனில் ஒரு சுத்திகரிப்புப் பொருள் பெயின்ட்டைக் கெடுப்பது அநேகமாக இவ்விரண்டு வழிகளில்தான். இவற்றுள் உராய்வே அதிகச் சேதம் விளைவிக்கிறது என்பதையும், நாம் அஞ்சுவதோ பெரும்பாலும் இரசாயனங்களுக்கு மட்டுமே என்பதையும் நினைவில் கொண்டால், தேர்வு பாதி எளிதாகிவிடும்.

இன்றைய கார்களின் மேற்பரப்பில் இருப்பது ஒரே பூச்சு அன்று. உலோகத் தகட்டைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக அமைந்துள்ளன. பளபளப்பைத் தருவதும், புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான். அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்றின் தடிமனைவிட இது குறைவு. காரைக் கழுவுகிறோம் என்று சொன்னாலும், உண்மையில் நாம் கை வைப்பது இந்த மெல்லிய படலத்தின் மேல்தான். ஒருமுறை தேய்ந்த கிளியர் கோட் தானாக வளராது. மீண்டும் பூசித்தான் ஆக வேண்டும்.

கருப்பு அல்லது அடர்நீல நிறக் காரை இரவில் ஒற்றை விளக்கின் கீழ் நிறுத்திப் பார்த்தால், ஒளி விழும் இடத்தைச் சுற்றி சிலந்திவலை போல நுண்கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். இவற்றை ஏற்படுத்தியது பெரும்பாலும் சோப்பு அல்ல. துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையே சிக்கிய மணலும் தூசியுமே. தினமும் காலையில் உலர்ந்த துணியால் காரைத் துடைத்துத் தூசி தட்டும் பழக்கம், எந்த மலிவான ஷாம்பூவையும்விட அதிகக் கேடு செய்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஷாம்பூ

ஆகவே, நல்ல கார் ஷாம்பூவின் தலையாய குணம் நுரை அன்று, வழவழப்பு. அழுக்குத் துகளைச் சூழ்ந்து, அது பெயின்ட்டில் உரசாமல் வழுக்கிச் செல்ல இடம் தருவதுதான் அதன் வேலை. சோதிப்பதும் எளிது: லேபிளில் குறித்த அளவில் நீரில் கலந்து, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று தடையின்றி நழுவினால் ஷாம்பூ தன் வேலையைச் செய்யும்; நுரை மலைபோல் எழுந்தும் விரல்கள் பிடித்துப் பிடித்து நகர்ந்தால், அந்த நுரையால் கண்ணுக்கு மட்டுமே பயன்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பிஎச் மதிப்பு. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வாராந்திரக் கழுவலுக்கு நடுநிலையை ஒட்டிய ஷாம்பூவே ஏற்றது. லேபிளில் இது குறிப்பிடப்படாவிட்டால், பிஎச் பட்டைத் தாளை, பயன்படுத்தும் அளவில் கலந்த நீரில் நனைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கலக்காத திரவத்தைச் சோதித்துவிட்டு முடிவுக்கு வருவது சரியாகாது. பெயின்ட்டைத் தொடப்போவது கலந்த நீர்தான்.

பாத்திரம் கழுவும் திரவத்தால் காரைக் கழுவுவதைப் பற்றி, பெயின்ட்டே போய்விடும் என்போரும் தீங்கே இல்லை என்போரும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தியதால் பெயின்ட் உரிந்துவிடாது. அவற்றுள் பல நடுநிலைக்கு அருகிலேயே உள்ளவை. ஆனால் எண்ணெய்ப் பசையை அகற்றுவதற்கென்றே உருவாக்கப்பட்ட அது, பெயின்ட்டின் மேல் காப்புப் படலமாக நீங்கள் பூசிய வாக்ஸையும் சேர்த்தே வலுவிழக்கச் செய்யும். மணல் துகளை வழுக்கச் செய்யும் பண்பும் அதில் குறைவு. துணி துவைக்கும் தூளைப் பொறுத்தவரை இந்தத் தயக்கம்கூட வேண்டியதில்லை: அது தெளிவான காரத்தன்மை கொண்டது, கரையாத துகள்கள் உராயும். தவிர்த்துவிடுங்கள்.

வாக்ஸ் கலந்த ஷாம்பூக்கள் கழுவிய பின் ஒரு மெல்லிய பளபளப்பை விட்டுச் செல்லும். அவசரத்துக்கு அவை பரவாயில்லை. தனியாகப் பூசும் வாக்ஸுக்கு ஈடாகா.

துணியும் ஸ்பாஞ்சும்

கையில் பிடிக்கும் பொருளையும் சுத்திகரிப்புப் பொருளாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாதாரண ஸ்பாஞ்சின் தட்டையான பரப்பில் மணல் துகள் தங்கி, அடுத்த இழுப்பில் கோடு போடும். நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறை துகளைத் தன் இழைகளுக்குள் உள்வாங்கிக்கொள்ளும். தனி வாளி நீரில் அலசினால் வெளியேற்றிவிடும். ஒரு வாளியில் ஷாம்பூ, மற்றொன்றில் வெறும் நீர் என்று இரண்டு வைத்துக்கொள்வதன் பொருள் இதுவே.

மைக்ரோஃபைபர் துணிகளில் பாலியெஸ்டரும் பாலியமைடும் 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதத்தில் கலந்திருக்கும். பாலியமைடு கூடும்போது நீர் உறிஞ்சும் திறன் கூடும். பொதுவான துடைப்புக்கு 300 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எடையுள்ள துணி போதும். ஈரம் உலர்த்த அதைவிட அடர்த்தியானதை வாங்கலாம். துணி மென்மையானதா என்ற ஐயம் எழுந்தால், வீட்டில் பயனற்றுக் கிடக்கும் குறுந்தகட்டின் மினுமினுக்கும் பக்கத்தில் சற்று அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே கோடு விழுந்தால் காரிலும் விழும். பல நேரங்களில் குற்றவாளி துணியன்று, அதன் ஓரத்துத் தையலும் மூலையில் தைத்திருக்கும் லேபிளும்தான். ஆகையால் லேபிளைக் கத்தரித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். இத்துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் காரில் வைப்பது, மணல்தாளை வைப்பதற்குச் சமம்.

கறைக்கு ஏற்ற பொருள்

ஷாம்பூவில் போகாத கறை என்றவுடன் கடுமையான பொருளைத் தேடாமல், அக்கறை எதனால் ஆனது என்று பார்த்து, அதைக் கரைக்கவல்ல மிக மென்மையான பொருளிலிருந்து தொடங்க வேண்டும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உள்ளது. வெயிலில் சூடேறிய கிளியர் கோட்டை அது அரித்துவிடும் என்பதால் இங்கே வேகம்தான் முக்கியம், விலையுயர்ந்த திரவம் அன்று. ஷாம்பூ நீரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதுமானது.

மரப்பிசினுக்கு நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உதவும். அந்த இடத்து வாக்ஸும் அதோடு போய்விடும் என்பதால் மறுபடி பூச வேண்டும். தார்ப் புள்ளிகளுக்குக் கார் பெயின்ட்டுக்கென விற்கும் தார் நீக்கியே தக்கது. பெட்ரோலும் தின்னரும் தாரைக் கரைப்பது உண்மையே. ஆனால் அவை பெயின்ட்டையும் பாதிக்கக்கூடியவை, தீப்பற்றும் அபாயம் வேறு. கடின நீர் உலர்ந்து விட்டுச் செல்லும் வெண்புள்ளிகள் கால்சிய, மெக்னீசிய உப்புகளால் ஆனவை. சம அளவு நீர் கலந்த வெள்ளை வினிகரைச் சிறிது நேரம் மட்டும் வைத்து, உடனே நன்றாக அலசிவிடலாம்.

பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்கள் பெயின்ட்டில் குத்திக்கொண்டு, வெளிர்நிறக் கார்களில் செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இவற்றுக்கான இரும்பு நீக்கிகளில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் உப்பு இருக்கும். தெளித்த சில நிமிடங்களில் நிறமற்ற திரவம் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறமாக வழிந்தோடும். கந்தக வாடையும் வீசும். பார்ப்பதற்குச் சற்றுக் கலக்கமாக இருந்தாலும், கரைவது இரும்பே அன்றிப் பெயின்ட் அன்று. நிழலில், குளிர்ந்த பரப்பில் செய்து, உலர்வதற்குள் கழுவிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. இதை வீல் கிளீனரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சில வீல் கிளீனர்களில் வலுவான அமிலம் இருப்பதால், பெயின்ட்டில் பயன்படுத்தலாம் என்று லேபிளில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய அவை சக்கரத்தை விட்டு மேலே வரக் கூடாது. கழிப்பறை அமிலம், பிளீச், பாத்திரம் தேய்க்கும் தூள், பற்பசை ஆகிய எவற்றுக்கும் பெயின்ட்டில் வேலை இல்லை. அமிலமும் பிளீச்சும் ஒன்றாகக் கலந்தால் நச்சுத்தன்மை மிக்க குளோரின் வாயு வெளிவரும் என்பதால், அவற்றை ஒரே வாளிப் பக்கம்கூடக் கொண்டுவர வேண்டாம்.

பாலிஷும் வாக்ஸும்

கடை அலமாரியில் இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் செய்யும் வேலை நேரெதிர். பாலிஷில் நுண்ணிய உராய்துகள்கள் உண்டு. கிளியர் கோட்டின் மேற்பகுதியைச் சிறிதளவு சீவியெடுத்தே அது கீறலை மறைக்கிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலத்தைச் சேர்க்கிறது. எனவே மாதந்தோறும் பாலிஷ் போடுபவர் மாதந்தோறும் பெயின்ட்டை மெலியச் செய்கிறார். கிளீனர் வாக்ஸ் என்று பெயரிட்டு வருபவற்றிலும் உராய்துகள் இருக்கக்கூடும். சிறு கீறல்களை நீக்கும் என்று ஒரு பாட்டில் உறுதி கூறினால், அதில் உராய்துகள் உண்டா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மேட் பூச்சு, அதாவது பளபளப்பில்லாத பூச்சு, உள்ள கார்களுக்கு இவ்விரண்டுமே ஆகாது. பாலிஷ் தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும், அதைத் திருப்பவும் இயலாது. அப்பூச்சுக்கென்றே தயாரித்த ஷாம்பூவை மட்டும் பயன்படுத்த வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதிக்கு எப்போது வாக்ஸ் போடலாம் என்பதை அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சு முழுதாக உலர்ந்து இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் பாலிஷ் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். அது அழுக்கன்று, பூச்சே வருகிறது.

எப்பொருளை வாங்கினாலும், கதவின் அடிப்பகுதி போலக் கண்ணில் படாத ஓரிடத்தில் உள்ளங்கையளவு பூசி, குறித்த நேரம் விட்டுக் கழுவி, உலர்ந்த பின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மங்குதல், பிசுபிசுப்பு, வெண்படலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அப்பொருளைக் காரின் மற்ற பகுதிகளில் பயன்படுத்தாதீர்கள்.