றொக் இசைத்தட்டும் றீமாஸ்டரும்: வீட்டிலேயே சரியாக ஒப்பிட்டுக் கேட்கும் முறை

தட்டில் கேட்டால் குரல் கனிந்து வரும், சீடியில் கேட்டால் காதைக் குத்தும் என்பார்கள் சிலர். தட்டென்றால் கரகரப்பு, பிறகு திருத்தி வெளியிட்ட றீமாஸ்டர்தான் சுத்தம் என்பார்கள் வேறு சிலர். விசாரித்துப் பார்த்தால் ஒருவர் நல்ல தட்டை யூரியூப்போடு ஒப்பிட்டிருப்பார். மற்றவர் புழுதி பிடித்த தட்டைப் புதுச் சீடியோடு ஒப்பிட்டிருப்பார். ஒரே அல்பத்தின் இரண்டு பதிப்புகள் வேறு வேறாகக் கேட்டால், அதில் பெரும்பங்கு பிளாஸ்ரிக்கால் வருவதும் இல்லை, டிஜிற்றலால் வருவதும் இல்லை. மாஸ்டரிங் (வெளியிட முன் செய்யும் கடைசி ஒலித் திருத்தம்) செய்தவர் எவ்வளவு சத்தமாக, எவ்வளவு பேஸோடு செய்து விட்டார் என்பதே காரணம். அதைப் பிரித்துக் கேட்கத்தான் கீழே உள்ள படிகள். ஒரு முழு நாளை ஒதுக்கி வையுங்கள்.

தேவையானவை: றெக்கோட் பிளேயர், ஃபோனோ பிரீஅம்ப் (ஊசியில் இருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி; சில பிளேயர்களுக்குள்ளேயே இருக்கும்), லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி ஓடியோ இன்டர்ஃபேஸ், லப்டொப், இலவச ஒலிப்பதிவு மென்பொருளான ஒடாசிற்றி, வயர் உள்ள ஹெட்ஃபோன், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு. சூட்கேஸ் வடிவில் ஸ்பீக்கரோடு வரும் மலிவுப் பிளேயர் இந்த வேலைக்கு உதவாது. அதன் ஊசி தட்டை அளவுக்கு மீறி அழுத்தும். ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் அதிர்வு திரும்ப ஊசிக்கே போகும்.

படி 1: எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

முதல் பொறி 'றீமிக்ஸ்'. றீமாஸ்டர் என்பது முடிந்த ஸ்டீரியோ நாடாவை எடுத்து, சத்த அளவையும் பேஸ், ட்ரெபிளையும் மட்டும் திருத்துவது. றீமிக்ஸ் என்றால் தனித்தனிப் பதிவுகளுக்கே திரும்பிப் போய், எந்த வாத்தியம் எங்கே, எவ்வளவு என்று புதிதாகக் கலப்பது. பீட்டில்ஸின் 2009 வெளியீடுகள் றீமாஸ்டர். 2017இல் வந்த 'சார்ஜென்ற் பெப்பர்' றீமிக்ஸ். றீமிக்ஸைப் பழைய தட்டோடு ஒப்பிட்டால் இரண்டு சமையலை ஒப்பிடுகிறீர்களே தவிர, இரண்டு பாத்திரத்தை அல்ல.

இரண்டாவது பொறி, புதுத் தட்டு. வைனில் என்பதாலேயே அது அனலொக் (இடையில் டிஜிற்றலாக மாற்றாத ஒலி) ஆகிவிடாது. 2012இல் வந்த பீட்டில்ஸ் ஸ்டீரியோ தட்டுகள் டிஜிற்றல் றீமாஸ்டரில் இருந்து வெட்டப்பட்டவை; 2014இன் மோனோ தட்டுகள் நேராக நாடாவில் இருந்து வந்தவை. முழு அனலொக் என்று நம்பி ஆர்வலர்கள் வாங்கிய மோபைல் ஃபிடெலிற்றி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் இடையில் ஒரு டிஜிற்றல் படி இருந்தது 2022இல்தான் வெளியே வந்தது. அதுவரை அந்தக் காதுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே லேபிளைச் சுற்றி உள்ள வெறும் வளையத்தை ரோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எழுத்தும் எண்ணும் எந்த வெட்டு என்று சொல்லும். லெட் செப்பலினின் இரண்டாவது அல்பம் (1969) நல்ல உதாரணம். ஒலிப்பொறியாளர் ரொபேர்ட் லட்விக் வெட்டிய முதல் பதிப்பில் 'ஆர்.எல்' என்ற எழுத்துகள் இருக்கும். பேஸும் சத்தமும் அதிகம் என்பதால் மலிவுப் பிளேயர்களில் ஊசி துள்ளியது. பிறகு அடக்கி வெட்டிய தட்டுகள் வந்தன. அட்டை ஒன்றுதான், ஒலி வேறு.

படி 2: கரண்ட்

வன்னியில் பலருக்கு முதல் பிளேயர் வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பியதாகத்தான் இருக்கும். லண்டன், சுவிஸ், பிரான்ஸ் என்றால் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் இருந்து வந்ததென்றால் பிளக்கில் கொழுவ முன் பின்பக்கத்தை வாசியுங்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். கடையில் வாங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றை மட்டும்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. பழைய ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டர் அந்த ஹேர்ட்ஸைப் பார்த்தே சுற்றுவதால், 33⅓ சுற்று வேண்டிய தட்டு இங்கே ஏறத்தாழ 27.8 சுற்றில் ஓடும். பாட்டு மூன்று அரைச்சுரம் கீழே இறங்கி, பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும். 50 ஹேர்ட்ஸுக்கான கப்பி கிடைத்தால் மாற்றலாம். 12 வோல்ற் அடப்டரில் ஓடும் டி.சி. மோட்டர் பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை. அடப்டரில் 100–240 என்று இருந்தால் போதும்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட மண்ணில், கரண்ட் போனால் என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று: மலிவு யூ.பி.எஸ், இன்வேட்டர்களின் சதுர அலை ஃபோனோ பிரீஅம்பில் 'ர்ர்ர்' என்று இரைச்சலாக ஏறும். நேர் மின்சாரம் இருக்கும் நேரத்திலேயே பதிவு செய்யுங்கள்.

படி 3: வைக்கும் இடம்

சீமெந்து நிலத்தில் நிற்கும் பாரமான மேசைதான் நல்லது. தகர அடைப்பிலோ பலகைச் சுவரிலோ அறைந்த றாக்கையில் வைக்க வேண்டாம். ஏ9 ஓரத்து வீடென்றால் லொறி போகும்போது ஸ்பீக்கர் கூம்பு உள்ளும் வெளியுமாக அசைவதைக் கண்ணாலேயே காணலாம். ஸ்பீக்கர் வேறு மேசையில் இருக்கட்டும். பிளேயரின் மட்டத்தைப் போனில் உள்ள மட்டமானியால் பாருங்கள்.

படி 4: கழுவுதல்

கோடையில் செம்மண் புழுதி, மாரியில் பூஞ்சணம். இரண்டும் தவாளிப்புக்குள் போனால் நீங்கள் கேட்பது இசையை அல்ல, வளவை. கிணற்றுத் தண்ணீரால் கழுவக் கூடாது. இங்கே பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. கேத்தல் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் தவாளிப்பிலும் படியும். எரிபொருள் நிலையத்தில் பற்றறிக்கு என்று விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். பக்கத்திலேயே பற்றறி அசிட்டும் விற்கும், போத்தலைப் பார்த்து எடுங்கள்.

கலவை: காய்ச்சி வடித்த நீர் 800 மில்லிலீற்றர், பாமசியில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் அற்ககோல் 200 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி. மென்மையான தூரிகையால் தவாளிப்பு ஓடும் திசையில் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை அலசி, நிழலில் நிமிர்த்திக் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் தட்டு அப்பளமாகும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளுக்கு இந்தக் கலவை ஆகாது. அவை அரக்கில் செய்தவை, அற்ககோலில் கரையும்.

படி 5: ஊசி

ஊசியின் பாரம் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பெட்டி) தயாரித்தவர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். தொடங்குவோர் அதிகம் வாங்கும் ஓடியோ-டெக்னிக்கா வி.எம்.95.ஈ என்றால் 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2.0. பின் எடையைத் திருப்பி ஊசிக்கையை மிதக்க விட்டு, அதன் எண் வளையத்தைப் பூச்சியத்தில் வைத்து, 2 வரை திருப்பித் தராசில் சரிபாருங்கள். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பிழையான எண் காட்டும். அன்ரி-ஸ்கேற்றையும் (ஊசிக்கை உள்ளே இழுபடுவதைச் சமன்செய்யும் திருகு) அதே எண்ணில் வையுங்கள். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று சிலர் 1.5இல் வைப்பார்கள். அது தப்பு. அழுத்தம் போதாத ஊசி தவாளிப்புச் சுவரில் துள்ளித் துள்ளி மோதித்தான் தேய்க்கிறது; 'ஸ', 'ச' ஒலிகள் சீறும்.

வேகத்தைச் சரிபார்க்க, சுற்றிவரக் கோடுகள் உள்ள வட்டத் தாள் ஒன்றை அச்சடித்துத் தட்டின் மேல் வைக்கலாம். 50 ஹேர்ட்ஸ் வெளிச்சத்துக்கு 33⅓ வேகத்தில் 180 கோடுகள் வேண்டும். வேகம் சரியென்றால் பழைய சோக் உள்ள ரியூப் லைற்றில் கோடுகள் அசையாமல் நிற்கும். பல எல்.ஈ.டி. பல்புகளில் சிமிட்டல் இல்லாததால் எதுவும் தெரியாது, போன் செயலி ஒன்றைப் பாவியுங்கள்.

படி 6: பதிவு

தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954 முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று ஒரு பொது அளவு உண்டு. ஃபோனோ பிரீஅம்ப் அதைத் திருப்பிப் போடுகிறது: 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டி, 20,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு குறைக்கும். பிரீஅம்ப் இல்லாமல் கொழுவினால் கோழிக்குஞ்சுச் சத்தம்தான் வரும். பிளேயருக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு இருந்தால் பேஸ் உப்பி எல்லாம் உடைந்து கேட்கும். பின்னால் உள்ள ஃபோனோ/லைன் சுவிச்சை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லப்டொப்பின் மைக் துளையில் கொழுவ வேண்டாம். அது பெரும்பாலும் மோனோ. 24 பிட், 44,100 ஹேர்ட்ஸில் பதியுங்கள். அல்பத்தின் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட விட்டு, உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஓயாத 'ம்ம்ம்' கேட்டால் பிளேயரின் மெல்லிய நில வயர் பிரீஅம்பின் திருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் நின்றபாடில்லை என்றால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பற்றறியில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

றீமாஸ்டரைச் சீடியில் இருந்தோ நட்டமில்லாக் கோப்பாகவோ (ஒலியில் எதையும் இழக்காத கோப்பு) எடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் எந்த மாஸ்டர் ஓடுகிறது என்றே பல நேரம் தெரியாது.

படி 7: சத்தத்தைச் சமப்படுத்தல்

இந்தப் படியை விட்டால் மற்ற எல்லாம் வீண். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'தெளிவு கூட' என்று சொல்லும். றீமாஸ்டர்களில் பல பழைய தட்டை விட அதிகமாகச் சத்தம் முறுக்கப்பட்டவை. மெற்றாலிக்காவின் 2008 அல்பம் 'டெத் மக்னெற்றிக்' இந்தச் சத்தப் போட்டியில் மிகவும் பேசப்பட்டது. அதே பாட்டுகள் கிற்றார் வீடியோ விளையாட்டு ஒன்றில் குறைந்த அமுக்கத்தோடு (உச்சங்களை அடக்கிச் சத்தத்தைக் கூட்டுவதே அமுக்கம்) வந்ததால், யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இரண்டில் இருந்தும் அதே 30 செக்கன் பகுதியை வெட்டுங்கள். இரண்டுக்கும் 20 ஹேர்ட்ஸில் ஹைபாஸ் ஃபில்ட்டர் (அதற்குக் கீழே உள்ள ஒலியைக் குறைப்பது) போடுங்கள், தட்டின் வளைவால் வரும் ஆழ்ந்த உறுமல் அளவைக் குழப்பாதிருக்க. பிறகு ஒவ்வொன்றாக, லவுட்னஸ் நோர்மலைசேஷனில் −23 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அளவு) கொடுங்கள். இவ்வளவு கீழே ஏன்? மெல்லியதை உயர்த்தினால் உச்சங்கள் வெட்டுப்படும். சத்தமானதை இறக்கினால் எதற்கும் சேதமில்லை.

திரையில் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். அமுக்கிய றீமாஸ்டர் செங்கல் போலத் தட்டையாகவும், பழைய வெட்டு பனை வேலி போல உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். ஆனால் டி.ஆர். மீட்டர் (உச்சத்துக்கும் சராசரிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பது) காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே டிஜிற்றல் மாஸ்டரில் இருந்து வெட்டிய தட்டைப் பதிந்து அளந்தாலும் சீடியை விடச் சில புள்ளிகள் கூடக் காட்டும். வெட்டும், ஊசியும் அலைகளின் கட்டத்தை நகர்த்துவதால் உச்சங்கள் உயர்கின்றன. இசையின் ஏற்ற இறக்கம் கூடவில்லை.

படி 8: பார்க்காமல் கேட்டல்

எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. வீட்டில் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா பார்த்து ஓட விடட்டும்; அவர் முகத்தைப் பார்க்காதபடி திரும்பி இருங்கள். பத்து முறை. ஒன்பது சரி என்றால் அது தற்செயலாக நடக்க 1 வீதம்தான் வாய்ப்பு. ஏழு சரி என்பது எதையும் நிரூபிக்காது.

ஆனால் ஒரு 'டிக்' சத்தம் போதும், தட்டைக் காட்டிக்கொடுக்க. ஆகவே கரகரப்பே கேட்காத சத்தமான பகுதியையே எடுங்கள். ஸ்னேர் அடியைக் கவனியுங்கள்: முன்னே வந்து விழுகிறதா, மற்ற எல்லாவற்றோடும் கூட்டத்தில் நிற்கிறதா? சிம்பல் ஓசை தேய்ந்து முடிகிறதா, வெட்டுப்பட்டு முடிகிறதா? கோரஸ் வரும்போது பாட்டு பெரிதாகிறதா, நெருக்கமாக மட்டும் ஆகிறதா? தட்டின் பக்கத்துக் கடைசிப் பாட்டை வைத்துத் தட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் தவாளிப்பு ஓடுகிறது. உள்ளே அது 21 வரை குறைவதால் ட்ரெபிள் மங்கிச் சீறும். றீமாஸ்டருக்கு முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு சோதனை. தட்டை நேரே பிளேயரிலும், அதே தட்டில் இருந்து நீங்கள் பதிந்த கோப்பை அதே அம்ப்ளிஃபயரிலும், சத்தத்தைச் சமப்படுத்தி மாறி மாறிக் கேளுங்கள். தட்டின் ஓசை எல்லை (மிக மெல்லிய ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் உள்ள இடைவெளி) ஏறத்தாழ 60 முதல் 70 டெசிபல், சீடியின் 16 பிட்டே 96 டெசிபல். தட்டில் உள்ளதெல்லாம் கோப்புக்குள் தாராளமாக அடங்கும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால், தட்டில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது அந்தக் கோப்பிலும் இருக்கிறது. தட்டைக் கழுவி உறையில் போட்டு, நிமிர்த்தி, ஈரம் ஏறாத அலுமாரியில் வையுங்கள். அன்றாடம் கேட்கக் கோப்புப் போதும்.