சமையலறையை நீட்டிக் கட்டப் போகிறீர்களா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டாத வீடு குறைவு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்தவர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கை வைப்பது அங்கேதான். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் நகராண்மைக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வந்த பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.

1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-வது பிரிவு புது வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. இருக்கிற வீட்டோடு புது அஸ்திவாரம் போட்டுச் சேர்க்கும் பகுதிக்கும் அது பொருந்தும். நம் நிலம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. அனுமதியில்லாமல் எழுப்பியதை இடிக்கச் சொல்லி உத்தரவு வரலாம்.

"பெர்மிட்டை நான் பார்த்துக்கிறேன்ணே" என்று குத்தகையாளர் சொல்வார். சரி, பார்க்கட்டும். முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் முகவரி உள்ள அனுமதிக் கடிதத்தையும் அங்கீகரித்த பிளானையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணம் கட்டிய ரசீது அனுமதி ஆகாது. விண்ணப்பம் போயிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. இந்த ஒரு விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

பின்சந்து பொதுவழி, அதில் சுவர் நீளக்கூடாது. மணலையும் கல்லையும் சாலையிலோ கால்வாய் மேலோ கொட்டாமல் உங்கள் வாசலுக்குள் வையுங்கள்.