வீட்டு மேசையில் உருவான மின்னணுக் கருவியைப் பத்திரிகைக் கட்டுரையாக்குதல்

பெங்களூரு டவுன்ஹாலை ஒட்டிய எஸ்.பி. சாலையில் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ரெசிஸ்டரும் (மின்தடை) வாங்கி, வீட்டு மேசையில் கருவி செய்து பார்க்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய வேலை, 1969 முதல் டெல்லியிலிருந்து வெளிவரும் எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ போன்ற பத்திரிகைகளில் வரத் தகுந்தது. ஆனால் நன்றாக இயங்கும் கருவி வேறு, அச்சேறத் தகுந்த கட்டுரை வேறு. கருவி உங்கள் மேசையில் இயங்கினால் போதும். கட்டுரையோ, உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்க வாய்ப்பில்லாத ஒருவர், நீங்கள் பார்த்திராத ஊரில், அதே கருவியைச் செய்து இயக்கும்படி இருக்க வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, பெங்களூரு வீடுகளுக்குப் பழக்கமான ஒரு கருவியை வைத்துப் பார்ப்போம்: சம்ப்பில் (தரைக்கடியிலுள்ள தொட்டியில்) நீர் இருந்து மாடித் தொட்டி குறைந்திருந்தால் மோட்டாரைத் தானே போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி.

எழுதத் தொடங்கும் முன்

நீங்கள் அனுப்ப நினைக்கும் பத்திரிகையின் பழைய இதழ்களை முதலில் புரட்டுங்கள். தொட்டி நீர்மட்டக் கருவி பற்றிய கட்டுரை எந்தப் பத்திரிகைக்கும் புதிதல்ல. ஆசிரியர் குழு கேட்கும் முதல் கேள்வி, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பதுதான். அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடிய வேண்டும். காவிரி நீர், போர்வெல் நீர், மழைநீர் மூன்றும் ஒரே சம்ப்பில் மாறி மாறி விழும் வீடுகள் இங்கே உண்டு. உப்பு குறைந்த மழைநீரில் மின்கடத்தல் குறைவு என்பதால், போர்வெல் நீருக்கு ஏற்றபடி அமைத்த உலோகக் கம்பி சென்சார் மழைநீரை நீராகவே உணராமல் போகலாம். உங்கள் கருவி அந்த வேறுபாட்டைத் தானாகச் சரிசெய்துகொள்கிறது என்றால், அதுவே உங்கள் கட்டுரையின் பொருள். தலைப்பு, முதல் பத்தி, சோதனை முடிவு அனைத்தும் அதைச் சுற்றியே அமைய வேண்டும். அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லையென்றால், கட்டுரையைத் தள்ளிப்போட்டுக் கருவியை இன்னும் கொஞ்சம் மேம்படுத்துவதே நல்லது.

பிறருடைய உழைப்பு உங்கள் கருவியில் எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே குறித்துவையுங்கள். ஒரு மின்சுற்றின் அடிப்படைக் கருத்தை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் இன்னொருவர் வரைந்த படமும் எழுதிய விளக்கமும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஐசி எனப்படும் மின்னணுச் சில்லின் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் (விவரத்தாளில்) உள்ள மாதிரிச் சுற்றை எடுத்தாண்டிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். கருவியை இயக்கும் நிரலில் சேர்த்த லைப்ரரியின் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பின்) உரிமம் எது என்பதைப் படித்து, அது கேட்கும் பெயர்க்குறிப்பை நிரலின் தலைப்பகுதியில் இட வேண்டும். கருவிக்குக் காப்புரிமை பெறும் எண்ணம் இருப்பவர்கள் விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு கட்டுரையை அனுப்புவது நல்லது, ஏனெனில் அச்சில் வெளியான பொருளுக்குப் புதுமை என்ற தகுதி போய்விடக்கூடும். ஒரே கட்டுரையை இரண்டு பத்திரிகைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது முறையல்ல.

சுற்றுப்படமும் பாகப்பட்டியலும்

கட்டுரையின் உயிர் சுற்றுப்படத்தில் இருக்கிறது. திரும்பி வரும் கட்டுரைகளில் பெரும்பாலான பிழைகளும் அங்கேதான் இருக்கின்றன. படத்தை நினைவிலிருந்து வரையக் கூடாது. இயங்கிக்கொண்டிருக்கும் சுற்றுப் பலகையை எதிரே வைத்துக்கொண்டு, பாகங்களின் ஒவ்வொரு காலும் எங்கே போகிறது என்று மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையால் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். சோதனை நாட்களில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 4.7 கிலோ ஓம் போட்டிருப்பீர்கள். பலகை அதை மறக்காது, நீங்கள் மறந்திருப்பீர்கள்.

வரைவதற்கு கிகேட் என்ற இலவச மென்பொருள் போதும். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சோதித்துப் பார்க்கும் துளைப்பலகையில்) வண்ணக் கம்பிகள் ஓடுவது போன்ற படம் தொடக்க மாணவர்களுக்கு உதவுமே தவிர, பத்திரிகைக்குச் சுற்றுப்படமாக ஆகாது. மின்னோட்டத்தின் நேர்முனை மேலேயும் தரைமுனை கீழேயும், உள்ளீடு இடப்புறமும் வெளியீடு வலப்புறமும் இருக்கும்படி வரையுங்கள். கம்பிகள் சேரும் இடத்தில் புள்ளி வையுங்கள். நான்கு கம்பிகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி வரையாதீர்கள், அச்சில் அந்தப் புள்ளி மங்கினால் வெறும் குறுக்குவெட்டாகத் தெரியும். ஒவ்வொரு ஐசியின் கால் எண்ணும், மின்சாரம் பெறும் கால்கள் உட்பட, படத்தில் இருக்க வேண்டும். ஆர்டுயினோ என்ற நிரலேற்றக்கூடிய கட்டுப்பாட்டுப் பலகையில் 13 என்று குறிக்கப்பட்ட முனை, அதிலுள்ள 28 கால் அட்மெகா328பி சில்லில் 19ஆம் கால் என்பதால், படத்தில் எந்த எண்ணைக் குறிக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிவிட்டு, கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

பாகப்பட்டியலைச் சுற்றுப்படத்திலிருந்து தயாரியுங்கள், கடை ரசீதிலிருந்து அல்ல. ரெசிஸ்டருக்கு ஓம் மதிப்புடன் வாட் அளவும் சதவீதப் பிசகும், எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டருக்கு வோல்ட் அளவும், ரிலேக்குச் சுருளின் வோல்ட்டும் தொடுமுனையின் ஆம்பியரும் சேர்த்து எழுத வேண்டும். "12 வோல்ட் ரிலே" என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் கையில் கிடைத்ததைத் தருவார். அவர் மீது குற்றமில்லை. மாற்றுப் பாகம் பற்றிய குறிப்பு மிகவும் பயன்படும் என்றாலும் அதை எச்சரிக்கையோடு எழுத வேண்டும். பிசி547 டிரான்சிஸ்டருக்குப் பதிலாக 2என்3904 போடலாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், தட்டை முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்க்கும்போது முதலாவதில் கலெக்டர் என்ற கால் இடப்புறமும் இரண்டாவதில் எமிட்டர் என்ற கால் இடப்புறமும் இருப்பதை அறியாத வாசகர் அதைத் திருப்பிப் பொருத்திவிடுவார்.

பாகங்கள் எங்கே கிடைக்கும் என்பதிலும் நகரத்து எழுத்தாளர் கொஞ்சம் தன்னை மறக்க வேண்டியிருக்கிறது. எஸ்.பி. சாலையிலோ மும்பையின் லாமிங்டன் சாலையிலோ டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ கிடைப்பது, சிறு நகரத்து வாசகருக்குக் கிடைக்க வேண்டும் என்பதில்லை. பழைய பலகையிலிருந்து கழற்றிய அரிய ஐசியை நம்பி அமைந்த கருவி எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அதை விலக்கி எளிதில் கிடைக்கும் பாகத்தால் மறுபடி அமைத்த பிறகே எழுதுங்கள். கம்பியில்லா மாட்யூல் பயன்படுத்துகிறவர்கள் அலைவரிசையையும் கவனிக்க வேண்டும்: இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை, திறன் வரம்புக்குள் இருந்தால் உரிமமின்றிப் பயன்படுத்தலாம், அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலுக்கு அந்த விலக்கு இல்லை.

இயங்கும் விதத்தை விளக்குதல்

சுற்று இயங்கும் விதத்தை எழுதும்போது, படத்தில் கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்வது இடத்தை வீணாக்கும். "ஆர்3 டிரான்சிஸ்டரின் பேஸில் இணைக்கப்பட்டுள்ளது" என்பதை வாசகர் தாமே பார்த்துக்கொள்வார். அதன் மதிப்பு ஏன் 1 கிலோ ஓம் என்பதே அவருக்குத் தேவை. 12 வோல்ட் ரிலேயின் சுருள் 400 ஓம் என்றால் அது 30 மில்லியாம்பியர் இழுக்கும்; டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்க, அதில் பத்தில் ஒரு பங்கான 3 மில்லியாம்பியர் பேஸுக்குப் போக வேண்டும்; 5 வோல்ட் வெளியீட்டில் பேஸ் முனை 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 4.3 வோல்ட் 1 கிலோ ஓம் வழியாக 4.3 மில்லியாம்பியரைத் தரும். இந்த மூன்று வரிக் கணக்கு இருந்தால், வேறு ரிலே வைத்திருக்கும் வாசகர் தமக்கான மதிப்பைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வார். அதுபோலவே, நீரில் இருக்கும் கம்பிகளுக்கு ஒரே திசை மின்னோட்டத்தை இடைவிடாமல் கொடுத்தால் மின்னாற்பகுப்பால் நேர்முனைக் கம்பி அரிக்கப்படும் என்பதையும், அதனால்தான் அளக்கும் நொடியில் மட்டும் மாறுதிசைத் துடிப்பு கொடுக்கிறோம் என்பதையும் சொன்னால், அந்தக் கூடுதல் நிரல் வரிகள் ஏன் இருக்கின்றன என்பது புரியும்.

எல்லாவற்றையும் இப்படி விரிக்க வேண்டியதில்லை. சீரான 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்திரிகை வாசகருக்கு விளக்குவது தேவையற்றது.

சோதனைப் புள்ளிகளின் அட்டவணை ஒன்று கட்டாயம் வேண்டும். தரைமுனை, ரெகுலேட்டரின் உள்ளீடும் வெளியீடும், டிரான்சிஸ்டரின் கலெக்டர், சென்சார் முனை ஆகிய இடங்களில் கருவி ஓய்விலும் இயக்கத்திலும் காட்டும் வோல்ட் அளவுகளை நீங்களே அளந்து எழுதுங்கள். கணக்கிட்ட மதிப்பை அளந்த மதிப்பாகக் காட்டுவது நேர்மையல்ல, சரியாக 5.00, 12.00 என்றே வரும் அட்டவணையைப் பார்த்ததும் அனுபவமுள்ள ஆசிரியருக்குச் சந்தேகம் வந்துவிடும். எந்த நீரில், எவ்வளவு நீளக் கம்பியோடு சோதித்தீர்கள் என்பதும் அங்கேயே இடம்பெற வேண்டும்.

230 வோல்ட் தொடும் இடங்கள்

வீட்டு மின்சாரத்தைக் கையாளும் கருவியைப் பற்றி எழுதுகிறவர், வாசகரின் உயிருக்கும் ஒரு பங்கு பொறுப்பேற்கிறார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சில ஆம்பியர் மட்டுமே எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சிறிய நீலநிற ரிலேயின் தொடுமுனைகள் அந்த வேகத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டினால் தொட்டி நிறைந்தும் மோட்டார் நிற்காது. ஆகவே சிறிய ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலேயை) இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்படி அமைத்து, அதைப் படத்திலும் காட்டுங்கள். ஃபியூஸ், எர்த் இணைப்பு, மூடிய பெட்டி ஆகியவை படத்துக்கு வெளியே விடப்பட வேண்டியவை அல்ல. பலகையில் 230 வோல்ட் ஓடும் தடத்துக்கும் குறைந்த வோல்ட் தடத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுவதே என் வழக்கம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கபாசிட்டர் வழியாக நேரடியாக மின்சாரம் எடுக்கும் சுற்றை, நீரில் கம்பி இறங்கும் கருவிக்கு எந்தக் காரணத்தாலும் பரிந்துரைக்கக் கூடாது. தண்ணீரே மின்கம்பியோடு இணைந்துவிடும்.

பலகை, நிரல், படங்கள்

பிசிபி எனப்படும் அச்சிட்ட சுற்றுப் பலகையின் வரைபடத்தை உண்மை அளவில் அனுப்ப வேண்டும். காகிதத்தில் அச்சிட்டு, 28 கால் ஐசியின் ஒரு வரிசையில் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 33 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அளவு சுருங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். செம்புப் பக்கத்திலிருந்து பார்க்கும் படமா, பாகங்களின் பக்கத்திலிருந்து பார்க்கும் படமா என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள். பலகையிலேயே ஏதாவது எழுத்தைச் செம்பில் பொறித்துவிட்டால், அது நேராகத் தெரிகிறதா திரும்பித் தெரிகிறதா என்பதை வைத்து வாசகர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிரலைக் கட்டுரைக்குள் முழுவதும் நகலெடுத்து ஒட்டாமல் தனிக் கோப்பாக அனுப்புங்கள். எந்த பலகைக்கு, எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பைக் கொண்டு தொகுத்தீர்கள் என்பதை எழுதுங்கள். உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல் அதில் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒளிப்படங்களுக்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. காலை வெளிச்சம் விழும் ஜன்னலோரமும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். ஃபிளாஷ் போட்டால் பற்றவைத்த ஈயம் கண்ணாடிபோல் மின்னிப் பாகங்களின் எழுத்தை மறைக்கும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்ற கணக்கில், 18 சென்டிமீட்டர் அகலப் படத்துக்குச் சுமார் 2,100 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும் என்பதால் மூலக் கோப்பையே மின்னஞ்சலில் இணையுங்கள். படத்தை வேர்டு கோப்புக்குள் மட்டும் வைத்து அனுப்பாதீர்கள்.

அனுப்பும் முன்னும் பின்னும்

முடிந்த கட்டுரையை, மின்னணுவியல் தெரிந்த, ஆனால் இந்தக் கருவியைப் பார்த்திராத ஒரு நண்பரிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாய்மொழியாக உதவக் கூடாது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கட்டுரையில் விடுபட்ட ஒரு வரி. கேட்ட இடத்திலேயே குறித்துக்கொண்டு, விடையைத் தக்க பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

உடன் வரும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: கருவி என்ன, புதிது என்ன, இது உங்கள் சொந்த வேலை, வேறெங்கும் வெளியாகவில்லை, இவ்வளவு போதும். கட்டுரையின் சொல் அளவு, கோப்பு வகை, சன்மானம் பற்றிய விதிகளைப் பத்திரிகையின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பியதும் கருவியைக் கழற்றி அதன் பாகங்களை அடுத்த வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். ஆசிரியர் குழு ஓர் அளவீட்டையோ இன்னொரு கோணத்தில் படத்தையோ, சில வேளைகளில் கருவியையே கேட்கக்கூடும்.

ஏற்கப்பட்ட கட்டுரையின் மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதி) உங்கள் பார்வைக்கு வந்தால், நடையைத் திருத்துவதில் நேரம் போக்காமல் குறியீடுகளைப் பாருங்கள். எழுத்துரு மாறும்போது ஓம் குறி டபிள்யூ எழுத்தாகவும், மைக்ரோ குறி மில்லியைக் குறிக்கும் எழுத்தாகவும் மாறிவிடுவது உண்டு. 10 மைக்ரோஃபாரட் 10 மில்லிஃபாரட் ஆகிவிட்டால் மதிப்பு ஆயிரம் மடங்கு ஏறிவிடும். தசமப் புள்ளி உதிர்ந்துபோகாமல் இருக்க 4.7 கிலோ ஓமை 4கே7 என்ற முறையில் எழுதுவது பாதுகாப்பானது. சுற்றுப்படம், பாகப்பட்டியல், கட்டுரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆர்1 தொடங்கி ஒவ்வொரு பாகமாக டிக் அடித்துக்கொண்டே போய், பலகையோடும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு மெய்ப்பைத் திருப்பி அனுப்புங்கள்.