கத்தரிக்கோலை எடுக்கும் முன்: கிராஸ் ஸ்டிச்சிலும் குவில்ட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டம் எண்ணி X வடிவில் ஊசி போடும் கிராஸ் ஸ்டிச், துண்டுத் துணிகளை இணைத்து மூன்றடுக்காகத் தைக்கும் குவில்ட் போர்வை, இந்த இரண்டையும் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குக் கவலையெல்லாம் தையல் கோணலாகப் போகிறதே, நூல் சிக்குகிறதே என்பதுதான். கை பழகினால் அதெல்லாம் தானே சரியாகிவிடும், விடுங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததைப் பாழாக்குவதும், பாதி வேலையைச் சுருட்டி பீரோவில் போட வைப்பதும் வேறு தவறுகள். நாங்கள் கற்ற காலத்தில் செய்த அதே தவறுகளை இன்றும் வரிசையாகச் செய்கிறார்கள்.

துணியைக் கழுவாமல் வெட்டுவது

இத்தனை வருடம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெரம்பூரிலிருந்து என்னிடம் கற்க வந்த பெண், அக்கா குழந்தைக்காக ஒரு குவில்ட் ஆரம்பித்தாள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சிவப்புச் சுங்குடி, தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டி, நடுவில் வாடிங் என்கிற பஞ்சு அடுக்கு. முழுக்கக் கைத்தையல். கார்த்திகையில் முடித்து முதல் தடவை தண்ணீரில் போட்டாள். வேட்டித் துண்டுகள் அத்தனையும் ரோஸ் ஆகிவிட்டன. அதோடு சுங்குடி சுருங்கியது. நூறு தடவை வெளுத்த வேட்டி சுருங்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் இழுத்துக்கொண்டு நின்றது. சுங்குடி இன்னொரு மீட்டர் வாங்கலாம். அந்த வேட்டிக்கு எங்கே போவது?

"வெட்டறதுக்கு முன்னாடி அலசினியாம்மா?" என்று கேட்டேன்.

"கல்லுப்புத் தண்ணியில ஊற வெச்சேன் ஆன்ட்டி. கடையில அதைத்தான் சொன்னாங்க."

இந்தக் கல்லுப்பு யோசனையை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. பருத்தி இழை சாயத்தை நன்றாக இழுத்துக்கொள்ள அது உதவும். ஆனால் சாயமேறி, காய்ந்து, கடைக்கு வந்துவிட்ட துணியில் இழையோடு சேராமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. வினிகரும் அப்படித்தான். பட்டு, கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்தில் அது உதவும், பருத்தியில் உதவாது. மிச்சச் சாயத்தை அலசி வெளியேற்ற வேண்டும், வேறு வழி இல்லை.

சாயம் போவது நம் ஊர்த் துணிக்குப் புதிதும் அல்ல. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது அழகு, வெள்ளைத் துண்டோடு சேர்த்துத் தைக்கிற குவில்ட்டுக்கு அழகில்லை.

கோடவுன் தெருவில் வாங்கினாலும் சரி, தி.நகரில் வாங்கினாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோப்புத் தூளில் அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் இது சிரமம்தான். அலசிய தண்ணீரை பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளலாம், ஆனால் அலசுவதை விடாதீர்கள். பிறகு ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கறை இருந்தால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். அவுரி நீலத்தை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தும் பாருங்கள், அந்தச் சாயம் உரசினாலே ஒட்டும். காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும். சுருங்கும் என்பதால் மீட்டருக்கு 5 செ.மீ.யாவது கூடுதலாக வாங்குங்கள். கழுவினால் கஞ்சியும் போய்விடும். ராமபாணப் பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சிக்குத்தான்.

ஏற்கெனவே சாயம் இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ஈரத்தோடேயே பெரிய பக்கெட்டில் நிறையத் தண்ணீரும் சோப்புத் தூளும் விட்டு முழுக்க மூழ்கவைத்து, நிறம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றுங்கள். முழுசாகப் போகும் என்று சொல்லமாட்டேன். காய்ந்த பிறகு முயல்வதைவிட இதில் பலன் அதிகம்.

கிராஸ் ஸ்டிச் நூலுக்கும் இதே கதைதான். சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களில் ஒரு சின்னத் துண்டை நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்திப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

மேட்டி துணியை அளக்காமல் தொடங்குவது

கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் 14 கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு 14 தையல்; 140 கட்ட டிசைன் 10 அங்குலத்தில் அடங்கும். அதேபோலக் கட்டம் தெரிய நெய்து, இங்கே மலிவாகக் கிடைக்கும் மேட்டி துணியில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. சில துணிகளில் நீளவாட்டில் ஒரு எண்ணிக்கை, குறுக்குவாட்டில் வேறு எண்ணிக்கை இருக்கும். வட்டமாகப் போட்ட பூ முட்டை வடிவில் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் 2 அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிவிடுங்கள். சுற்றிலும் 3 அங்குலம் விடுங்கள், இல்லையென்றால் ஃப்ரேம் போடுகிறவர் திணறுவார்.

எண்ணிக்கை தப்பினால் மொத்தமாக ஒதுக்கிவைப்பது

பாதியில் நின்றுபோன வேலைகளை விசாரித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். 10 கட்டத்துக்கு ஒரு கோடு என்று வேறு நிறத் தையல் நூலை முதலிலேயே ஓட்டிவிட்டால் தப்பு உடனே கண்ணில் படும். அப்படியும் தப்பினால், பக்கத்துக் கட்டங்களைத் தள்ளிவிடாத தவறை அப்படியே விட்டுவிட்டு மேலே போங்கள். இலையில் ஒரு தையல் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஓரக் கட்டம் நகர்ந்திருந்தால் மட்டும் அன்றைக்கே பிரியுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால், நாளைக்கு அந்தப் பையைத் திறக்கவே மனசு வராது.

குவில்ட்டை ஓரத்திலிருந்து தைப்பது

நடுவிலிருந்து வெளியே வாருங்கள். மூன்று அடுக்கையும் முதலில் பெரிய தையலாக ஓட்டி வைக்காவிட்டால் அடித் துணி மடிந்துவிடும். பின்பக்கம் திருப்பும்வரை தெரியவே தெரியாது.

வளையத்தை மாட்டியபடியே விடுவது

துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை அன்றன்றைய வேலை முடிந்ததும் கழற்றுங்கள். ஊசியையும். கடற்காற்று ஊரில் துணியில் குத்தி வைத்த ஊசி துருக்கறை விடும்.

நீலப் பேனா கோட்டின்மேல் இஸ்திரி போடுவது

துணியில் டிசைன் வரையும் நீலப் பேனாவின் மை தண்ணீரில் போகும், சூட்டில் நிலைத்துவிடும். முதலில் குளிர்ந்த தண்ணீர், கோடு முழுசாக மறைந்த பிறகு சோப்பு, கடைசியில்தான் இஸ்திரி.