சங்ககிரிக்கு டூரிஸ்ட் பஸ் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. சங்ககிரி கோட்டை மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் மர நிழலில் உட்கார்ந்து நானும் என் குழுவும் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. கையில் மைக்கோடு ஒரு பையன் முதலில் இறங்கினான். அவன் பின்னால் பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள், நெற்றி நிறையத் திருநீறோடு தாத்தாக்கள், அர்ச்சனைத் தட்டுப் பையோடு பிள்ளைகள். கேட்கவே வேண்டாம், தாரமங்கலம் போய்விட்டு வருகிறார்கள்.

"தம்பி, இப்பவா மலை ஏறப் போறீங்க?"

"ஆமாங்கக்கா. ஒரு மணி நேரத்துல பாத்துட்டு இறங்கிருவோம்."

எனக்கு மோர் தொண்டையில் இறங்கவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில், ஏறக்குறைய இதே நேரத்தில், இதே பதிலை நான் சொல்லியிருக்கிறேன். சேலத்திலிருந்து ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகும் புதியவர்கள் இப்போது நிறைய வந்திருக்கிறார்கள். அது சந்தோஷம். ஆனால் நான் விழுந்த குழியிலேயே ஒவ்வொருவராக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தலையை எண்ணிப் பஸ்ஸில் ஏற்றுங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கு வரமாட்டார்.

ஊர் முழுக்க நின்று நின்று ஆள் ஏற்றுவது

அஞ்சு ரோடு, புது பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், கொண்டலாம்பட்டி என்று நாலு இடத்தில் நின்றால் ஒரு மணி நேரம் போச்சு. ஒரே இடம், ஒரே நேரம். வராதவர் வரவில்லை, அவ்வளவுதான்.

கோயிலை முதலில் வைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யாரும் தெரிந்து செய்யும் தவறு இல்லை இது. நல்ல மனசோடு செய்வது. நம் ஊரில் எங்கே கிளம்பினாலும் "முதல்ல சாமியைக் கும்பிட்டுட்டுப் போயிரலாம்" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். குளித்துவிட்டுச் சுத்தமாக வந்திருக்கிறோம், வேர்ப்பதற்கு முன்னால் தரிசனம் முடித்துவிடலாம் என்பார்கள். மறுத்துப் பேச வாய் வராது. எனக்கும் வரவில்லை.

என் முதல் பஸ்ஸில் நாற்பத்தாறு பேர். சித்திரை மாதம். எட்டரைக்குத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் இறங்கினோம். ஒருவர் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் உடனே இருபது பேர் வாங்குவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலை விட்டு வெளியே வரப் பத்தரை. அப்புறம் டிபன், டீ. சங்ககிரி அடிவாரத்துக்கு வரும்போது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.

அந்த மலையைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கு வடிவில் நிற்பதால் சங்ககிரி என்கிறார்கள். அடியிலிருந்து உச்சி வரை ஒன்றன்பின் ஒன்றாக மதில்களும் வாசல்களும். ஒரு வாசலைத் தாண்டினால் வழி வளைந்து அடுத்த வாசலில் கொண்டுபோய் விடும். எதிரி மூச்சு வாங்கட்டும் என்றே போட்ட வழி அது. நடுவில் கடை கிடையாது, குழாய் கிடையாது. உச்சி வெயிலில் பாறை அடுப்புக்கல் மாதிரி சூடேறிவிடும். மேலே இருக்கும் வெயிலை விட, கீழே பாறையிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கிற அனல்தான் ஆளைச் சாய்க்கும்.

மூன்றாவது வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்தார். "நீங்க போங்க கண்ணு, நான் இங்கயே இருக்கேன்" என்றார். உதடு வெளுத்துப்போயிருந்தது. கோயிலுக்கென்று மெல்லிய ரப்பர் செருப்புப் போட்டு வந்திருந்தார். அதன் வார் பாறைச் சூட்டில் இளகி ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. வெறுங்காலை அந்தக் கல்லில் வைத்துவிட்டு அவர் சட்டென்று இழுத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு பையன்கள் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், தேறிவிட்டார். அந்தச் செலவு, மதியத்துக்கு மேல் எதுவும் பார்க்காததற்குத் திருப்பிக் கொடுத்த பணம், இரவு வரை இழுத்ததால் டிரைவருக்குக் கொடுத்த கூடுதல் படி, எல்லாம் சேர்ந்து அந்தப் பஸ்ஸில் நான் சம்பாதித்ததைப்போல இரண்டு மடங்கு கையை விட்டுப் போனது.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். உச்சிக்குப் போனவர்கள் ஒன்பது பேர். பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கினார்கள். வாசலில் நிழல் தேடி ஒண்டியிருந்த மற்றவர்கள் திரும்பி வரும்போது பஸ்ஸில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "சங்ககிரியில ஒண்ணுமே இல்ல, வெறும் கல்லு."

இதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்காதது. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த உடன்படிக்கையில் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து, 1805 ஜூலை 31-ல், தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இந்த மலையில்தான். அந்த இடத்துக்கு வந்துவிட்டு வெறும் கல் என்று சொல்லிப் போகிறார்கள் என்றால், தவறு அவர்களுடையது இல்லை. அவர்களை எந்த நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம் என்பதில்தான் இருக்கிறது.

சரி, எப்படி மாற்றுவது? கோட்டையை முதலில் வையுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோட்டை. திறக்கும் நேரத்தை முதல் நாளே அங்கே விசாரித்து உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி பஸ் கிளம்பும் நேரத்தைப் போடுங்கள். வைகுந்தம் டோல்கேட்டைத் தாண்டியதும் பஸ்ஸிலேயே இட்லிப் பொட்டலம் கொடுத்துவிடுங்கள். ஹோட்டலில் இறக்கினால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஐம்பது பேர் ஏறி, பார்த்து, இறங்க என் கணக்கில் மூன்றரை மணி நேரம். முட்டி வலி உள்ளவர்களுக்கு முதல் இரண்டு வாசலே போதும், அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏறும்போது சொன்னால் அவமானமாக நினைத்து, முடியாமல் ஏறுவார்கள்.

இன்னொரு விஷயம். கோட்டையை முதலில் முடித்துவிட்டு நேராகத் தாரமங்கலம் ஓடாதீர்கள். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணி ஆகும். சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு பஸ் கூட்டத்தை மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடப்பாடி வழியாக மேட்டூர் போங்கள். அணைக்கட்டுப் பூங்காவில் நிழல் இருக்கிறது. கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்து, வேண்டியவர்கள் வறுத்த மீன் வாங்கித் தின்று, ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கட்டும். மூன்றே காலுக்குக் கிளம்பினால் நடை திறக்கத் தாரமங்கலத்தில் இருக்கலாம்.

பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே என்று பயப்பட வேண்டாம். அவர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. தாரமங்கலம் மேற்குப் பார்த்த கோயில். மாசி மாதத்தில் சில நாள் மாலைக் கதிர் லிங்கத்தின் மீதே விழும். அந்த நாட்கள் இல்லாவிட்டாலும், நாலரை ஐந்து மணிக்குச் சாய்ந்த வெயில் முன்பக்கத் தூண்களில் படும்போதுதான் இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பிகள் என்ன செய்தார்கள் என்று தெரியும். காலையில் அந்தப் பக்கமெல்லாம் நிழல்.

வாலி வதத் தூணை அந்த வெளிச்சத்தில் காட்டுங்கள். ராமர் வில்லோடு மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால், அந்தப் பக்கம் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரளுவது தெரியும். வாலி இருக்கும் தூண் அருகே போய் நின்று திரும்பிப் பார்த்தால் ராமர் தெரியமாட்டார். பிள்ளைகளை இரண்டு பக்கமும் மாறி மாறி ஓட விடுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். யாளியின் வாயில் உருளும் கல்லை ஒரு பெரியவர் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்து, பல்லுக்கு வெளியே அது வராது என்று தெரிந்ததும், பேரனைக் கூப்பிட்டு "இதை வெளியிலிருந்து வெக்கலடா, உள்ளயே செதுக்கிருக்கான்" என்று சொன்னார். காலையில் சாமி கும்பிட்டே ஆகவேண்டும் என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர் அவர்தான்.

நாமக்கல்லையும் அதே நாளில் சேர்ப்பது

நோட்டீஸில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நாமக்கல் திசையே வேறு. அங்கே ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, மலைக்கோட்டையைக் கீழிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் நாமக்கல் பார்த்ததாகாது. பாறையின் மேற்குப் பக்கம் நரசிம்மர் குடைவரை, கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் அதியர் குலத்து அரசர் காலம், எட்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்தே போக வேண்டும். தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மாலையில் ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவு. வேண்டாம்.

பண்ணவாடி நந்திக்கு வாக்குக் கொடுப்பது

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி, தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடி பக்கம் வெளியே தெரியும். செய்தித்தாளில் படம் வந்ததும் அதை வாட்ஸ்அப் விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். 1934-ல் அணை கட்டி முடித்த நாளிலிருந்து நந்தி எப்போது வெளியே வரும் என்பதைக் காவிரிதான் முடிவு செய்கிறது. 120 அடியை ஒட்டித் தண்ணீர் நிற்கும்போது கூட்டிப்போய் வெறும் தண்ணீரைக் காட்டாதீர்கள். அன்றைய நீர்மட்டம் காலைச் செய்தியிலேயே வரும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆடி 18 அன்று போவது

சின்னமலை நினைவு நாளுக்காகச் சங்ககிரியில் ஊரே திரண்டிருக்கும். அன்றைக்கு அங்கே கைடுக்கு வேலை இல்லை. போக வேண்டும் என்றால் மாலை வாங்கிக்கொண்டு தனியாகப் போங்கள்.

சுரங்கப்பாதைக் கதை

எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு சுரங்கப்பாதை வந்துவிடுகிறது. இங்கிருந்து மைசூர் வரை குதிரையிலேயே போகலாம் என்று மைக்கில் சொல்லக் கேட்டேன். கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கதையைக் கேட்டவர்கள் தரையில் ஓட்டை தேடுவார்கள். கண் முன்னால் இருப்பதைப் பார்க்கமாட்டார்கள்.

நான் அந்த நேரத்தை மேலே இருக்கும் சுனைக்குக் கொடுக்கிறேன். போன தடவை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "இங்க இருந்த சிப்பாயெல்லாம் குடிக்கத் தண்ணிக்கு எங்க போனாங்க?" என்று அவனாகவே கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுனையைக் காட்டினேன். பாறைச் சரிவில் மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடிவந்து அதில் விழும் என்று குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். கீழே எதிரி முற்றுகை போட்டு உட்கார்ந்தால், மேலே இருப்பவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பது இதில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்தது என்றேன். அவன் ஒரு கல்லை எடுத்துப் போட்டான். சத்தம் வரும்வரை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எத்தனை பேர், ஒரு ஆளுக்கு எத்தனை செம்பு என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். மணி அப்போது ஒன்பதே கால். சுனைக் கரையில் இன்னும் நிழல் இருந்தது.