குழந்தையிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்தால் மட்டும் போதாது

குழந்தையின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டு 'போய் விளையாடு' என்றால் அழத்தான் செய்யும், பார்த்துக்கொண்டிருந்தது போய்விட்டது, அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. அதனால் திரை பார்க்கும் நேரத்தைக் குறைப்பதற்கு முன்பே கைக்கான வேலையைத் தயாராக எடுத்து வையுங்கள். இந்த வரிசை மாறினால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது.

அளவு என்ன? 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி, 2 வயது ஆகும்வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்த்துக் கவலைப்படாதீர்கள், அங்கே ஒருவர் குழந்தை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்கிறார், கார்ட்டூன் அதைச் செய்யாது.

3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு செயலைத் திரையில் பார்ப்பதைவிட, எதிரே ஒருவர் செய்து காட்டும்போதுதான் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். தண்ணீர் நிரம்பினால் டம்ளர் கனக்கும், சாய்த்தால் கொட்டும் என்பதெல்லாம் கை ஈரமானால்தான் புரியும்.

சரி, எப்படிச் செய்வது? பார்ப்பதையும் செய்வதையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். வீடு கட்டுவது பற்றி ஒரு வீடியோ என்றால், அது முடிந்த கையோடு காலி அட்டைப்பெட்டிகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், முதல் ஐந்து நிமிடம் நீங்களும் தரையில் உட்கார்ந்து அடுக்குங்கள், அப்புறம் மெல்ல விலகிக்கொள்ளலாம். கட்டியது சரிந்தால் ஓடிப்போய் நிமிர்த்தாதீர்கள், ஏன் விழுந்தது என்று அதுவே யோசிக்கட்டும். விலை உயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை: மாவு பிசைவது, சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, கரண்டியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என வீட்டு வேலையே போதும். ஆனால் 3 வயதுக்குள் பட்டன், மணி மாதிரி வாயில் போடக்கூடிய சின்னப் பொருள்களைக் கொடுக்காதீர்கள், தண்ணீர் விளையாட்டில் கண்ணை எடுக்கவே கூடாது.

முக்கியமாக, அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை இன்றே அணைத்து வையுங்கள். 'இன்னும் பத்து நிமிஷம்' என்பது சின்னப் பிள்ளைக்குப் புரியாது, 'இந்தக் கதை முடிந்ததும் நிறுத்துவோம்' என்றால் புரியும். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் சாப்பிடும்போதும் திரை வேண்டாம், அந்த நேரத்தில் உங்கள் போனும் வேறு அறையில் இருக்கட்டும்.